திருவாதவூர்க் கண்மாயும் கணினி காணாத கலுங்கும்

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையைப் பிடித்தால், ஒத்தக்கடை வரைக்கும் இடதுபக்கம் யானைமலை கூடவே வரும். அங்கிருந்து கிழக்கே பிரிகிற சாலை திருவாதவூருக்குப் போகிறது. நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். யானைமலை முதுகுப்பக்கம் போனதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. வயல், கண்மாய்க் கரை, பனைமரம், மறுபடியும் வயல். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு, மேடு பள்ளம் இல்லாத பூமி என்றுதான் தோன்றும்.

தோற்றம்தான் அப்படி. இந்தப் பூமி மெல்ல மெல்ல, வடமேற்கே அழகர்மலைப் பக்கத்திலிருந்து தென்கிழக்கே ராமநாதபுரம் பக்கமாகச் சரிந்துகொண்டே போகிறது. மனிதக் கண் கவனிக்காத அந்தச் சரிவை, தண்ணீர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதைக் கவனித்துக் கரை போட்டவர்கள் வாழ்ந்த ஊர்களில் ஒன்று திருவாதவூர்.

ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மாணிக்கவாசகருக்காக வருகிறார்கள். திருவாசகம் தந்த அவர் பிறந்த ஊர் இது. 'வாதவூரார்' என்ற பெயரே ஊரால் வந்தது. திருமறைநாதர் கோயில் இருக்கிறது. அவர் பிறந்த இடம் என்று நம்பப்படும் இடத்தில் தனிச் சந்நிதியும் இருக்கிறது. சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் இதுதான் என்று ஒரு மரபு உண்டு. ஊரை ஒட்டிய ஓவாமலைக் குகையில் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. சமணத் துறவிகள் தங்குவதற்காகக் குகையைச் செதுக்கிக் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இன்னார் கொடுத்தார், இன்னதைக் கொடுத்தார் என்ற தகவல், அது நடந்த பாறையிலேயே பதிந்து கிடக்கிறது.

தகவலையும் இடத்தையும் பிரிக்காமல் சேர்த்து வைப்பது. இதைத்தான் இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் ஜி.ஐ.எஸ். என்ற பெயரில் படிக்கிறார்கள்.

டிரேசிங் பேப்பர் கணக்கு

ஜி.ஐ.எஸ்., அதாவது புவியியல் தகவல் முறைமை. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு ஊரின் வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் ஒன்றை வைத்து சாலைகளை மட்டும் வரையுங்கள். இன்னொன்றில் கண்மாய்கள். மற்றொன்றில் சர்வே எண்கள். வேறொன்றில் மண் வகை. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத ஒன்று தெரியும். எந்தச் சாலை எந்த ஓடையை மறிக்கிறது, எந்த வீட்டுமனை எந்தக் கண்மாயின் உள்வாயில் இருக்கிறது என்று. இந்த அடுக்குகளைக் கணினியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் இடம்சார் பகுப்பாய்வு. சாப்பாடு ஆர்டர் செய்தால் வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று போனில் காட்டுவதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வேர் ரொம்ப ஆழம். 1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியா முழுவதையும் அளக்கும் வேலையைப் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு போட்டுத்தான் ஆரம்பித்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அவருடைய பிரம்மாண்டமான தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கிப்போனது. அந்தக் கருவியின் எடை சுமார் அரை டன். இன்று அதைவிட அதிகமான வேலையைச் சட்டைப்பையில் இருக்கும் போன் செய்கிறது.

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் ரிமோட் சென்சிங், ஜி.ஐ.எஸ். பாடங்கள் இருக்கின்றன. புவியியல், நிலவியல், சிவில் இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் என்று பல வழிகளில் இதற்கு வருகிறார்கள். 'மேப் வரையிறதுக்கா ரெண்டு வருஷம் படிக்கிற?' என்று வீட்டில் கேட்காத மாணவர் குறைவு. க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம், செயற்கைக்கோள் படங்களில் பெரும்பகுதி இலவசம், இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. ஒரு லேப்டாப்பும் பொறுமையும் இருந்தால் போதும் என்று சொல்வார்கள். மதுரைச் சமவெளிக்கு அது போதாது. ஏன் என்பதைத் திருவாதவூர்க் கண்மாயை வைத்தே பார்க்கலாம்.

பள்ளத்தை நிரப்பும் பட்டன்

முதுகலையில் இரண்டாம் செமஸ்டர் வாக்கில் நீரியல் பகுப்பாய்வு வரும். பூமியின் உயரத்தைச் சதுரம் சதுரமாகப் பதிந்த தரவை எடுத்துக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்கப் புழங்குவது, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்து வந்த தரவு. அதில் ஒரு சதுரம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 22 சென்ட். அந்த 22 சென்ட் நிலத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் உயரம், அதுவும் முழு மீட்டரில். அதை வைத்துக் கணினி, மழைத் தண்ணீர் எந்தச் சதுரத்திலிருந்து எந்தச் சதுரத்துக்கு வடியும் என்று கணக்குப் போட்டு ஓடைகளை வரைந்து தரும்.

மலைநாட்டில் இது அற்புதமாக வேலை செய்யும். கொடைக்கானல் சரிவில் போட்டுப் பாருங்கள், ஓடைகள் கச்சிதமாக வந்து விழும். மேலூர் சமவெளியில் கதை வேறு. ஒரு கண்மாய்க்கும் அதற்குக் கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்கும் பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். அந்த ரேடார் தரவில் பிழையே சில மீட்டர் வரை போகும். போதாததற்கு ரேடார் மரத்தின் தலையையும் தரையாக எண்ணிக்கொள்ளும். சீமைக்கருவேலம் அடர்ந்த கண்மாய் உள்வாய் கணினிக்கு மேடாகத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. மூன்று மீட்டர் அகல வரத்துக்கால், 30 மீட்டர் சதுரத்துக்குள் இருக்கிற இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

இதைவிட சுவாரசியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓடைகளைக் கணக்கிடும் முன்பு, எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும் முதல் படி, 'பள்ளங்களை நிரப்பு' என்பதுதான். தரவில் தண்ணீர் வெளியேற வழியில்லாத குழிகள் இருந்தால், கணக்கு அங்கேயே நின்றுவிடும். அவற்றில் பெரும்பாலானவை அளவைப் பிழைகள் என்ற அனுமானத்தில், மென்பொருள் அவற்றை விளிம்பு வரை நிரப்பிச் சமமாக்கும். ஒரே ஒரு கிளிக்.

அந்த ஒரே கிளிக்கில் கண்மாய்கள் காணாமல் போகின்றன!

கண்மாய் என்பதே வேண்டுமென்று உண்டாக்கிய பள்ளம்தானே. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை கட்டி, போகிற தண்ணீரை நிற்க வைத்த இடம். வேறு தேசத்து நிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட கணக்குக்கு அது பிழையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. அத்தனை பிழையா?

நிரப்பிய பிறகு கணினி, கரையில் எந்தச் சதுரம் மிகத் தாழ்வாக இருக்கிறதோ அந்த வழியாகத் தண்ணீரை வெளியேற்றும். நிஜத்தில் தண்ணீர் வெளியேறுவது கலுங்கு வழியாக. கண்மாய் நிறைந்ததும் கரை உடையாமல் உபரி நீர் வழிந்து போவதற்காகக் கல்லால் கட்டிய அமைப்பு அது. அந்தத் தண்ணீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரவு. கலுங்கை ஒரு சதுரம் தள்ளி வைத்துவிட்டால், கணினியில் ஓடை வேறு ஊருக்குப் போய்விடும். மேல் ஊரின் உபரி எந்தக் கீழ் ஊருக்கு என்பது, இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பேசித் தீர்த்த, சில ஊர்களில் தீராத விஷயம். லேப்டாப்பில் மாற்றி எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?

ஆகவே கரைக்கு வந்தே ஆக வேண்டும். போனில் ஜி.பி.எஸ்.ஸைப் போட்டுக்கொண்டு கலுங்கு, மடை, வரத்துக்கால் வாய் ஒவ்வொன்றிலும் நின்று புள்ளி குறிக்க வேண்டும். கரையில் மாடு பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவரிடம், "ஐயா, கலுங்கு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டால் வழி சொல்வார். சொல்லிவிட்டு, "ஏத்தா, அந்த மிஷின்ல தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு காட்டுது?" என்று அவர் திருப்பிக் கேட்டால், மாணவி பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். படிப்பில் இதற்குக் 'கள உண்மை' என்று பெயர். மதிப்பெண் குறைவு. ஆனால் மொத்தப் பகுப்பாய்வும் நிற்பதோ விழுவதோ இதில்தான்.

தண்ணீர் நடுவே ஒரு கல்தூண்

திருவாதவூரில் கோயிலுக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இன்னொன்று, ஏரித் தண்ணீரின் நடுவே கல்தூணின் மேல் இருக்கும் புருஷாமிருகம். பாதி மனித உருவம், பாதி விலங்கு உருவம். பக்தர்களுக்கு அது காவல் தெய்வம். ஜி.ஐ.எஸ். படித்த கண்ணுக்கு, நீரின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் மாதிரியும் தெரியும். அதற்காக நட்டதல்ல என்றாலும், இத்தனை நீர் வந்திருக்கிறது என்று ஊரே ஒரே இடத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ள ஓர் அடையாளம் இருப்பது லேசான விஷயமல்ல.

நீர்ப்பரப்பைச் செயற்கைக்கோளிலிருந்தும் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இந்த ஊரைப் படம்பிடிக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம், அதாவது சுமார் இரண்டரை சென்ட். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை விழுங்கிவிடும். இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் எந்தப் புள்ளி நீர், எது நிலம் என்று பிரித்துவிடலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. 2008 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மதுரை ஹாஸ்டல் அறையிலிருந்தே, ஒரு கண்மாய் எந்தெந்த ஆண்டு நிறைந்தது, எந்த ஆண்டு வறண்டது என்று வரிசையாகப் பார்த்துவிட முடியும். தாத்தா பாட்டி சொல்லும் பஞ்ச காலத்தைப் படத்தில் தேடிப் பார்க்கிற ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரும்.

அங்கேயும் ஒரு சூது இருக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய நீரைச் செயற்கைக்கோள் பச்சைப் பயிர் என்று எண்ணும். மேகம் மூடினால் படமே இல்லை. இந்தப் பக்கம் கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில், அதாவது மேகம் அதிகமாக இருக்கும் அக்டோபர், நவம்பரில். பார்க்க வேண்டிய நேரத்தில் திரை போட்டுவிடுகிறது வானம்.

இந்த ஊரின் புகழ்பெற்ற கதையிலும் நீரும் அளவும்தான் இருக்கின்றன. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். நரிகள் குதிரைகளாகி வந்து, மறுபடி நரிகளாயின. மன்னன் தண்டிக்க, வைகையில் வெள்ளம் வந்தது. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். உடைந்த கரையை மன்னன் பங்கு பிரித்தான். வீட்டுக்கு இவ்வளவு கரை என்று அளந்து கொடுத்தான். பிட்டு விற்ற வந்திப் பாட்டிக்கும் ஒரு பங்கு வந்தது. கூலியாளாக இறைவனே வந்து மண் சுமந்தார் என்கிறது திருவிளையாடல். இன்றும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவுக்குத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் எழுந்தருளுகிறார். பக்தியை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், கரை பராமரிப்பை அளந்து பங்கு பிரிப்பது மக்களுக்குப் பழக்கமான காரியமாக இருந்தால்தானே அப்படி ஒரு கதை பிறக்கும்? குடிமராமத்து என்று பின்னாளில் சொன்னதும் அதைத்தான்.

இரண்டு எல்லைகள் மோதிய இடம்

இதெல்லாம் பரீட்சைக்கான பாடம் என்று நினைத்தால், திருவாதவூருக்கு வடக்கே உள்ள ஊர்களைப் பார்க்க வேண்டும்.

2012-ல் மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகள் பற்றிய முறைகேட்டுப் புகார்கள் மாநிலத்தையே உலுக்கின. அனுமதித்த எல்லை எது, வெட்டிய எல்லை எது என்பதுதான் கேள்வி. அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகக் குழு, ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டுக் குவாரிகளைப் படம்பிடித்துக் கொடுத்தது. டிரோன் என்ற சொல்லே கல்யாண வீடுகளுக்கு வராத காலம் அது.

அடுத்தது அரிட்டாபட்டி. குன்றுகளும் சுனைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தது. ஏலம் விட்ட பரப்பு 2,015.51 ஹெக்டேர். பல்லுயிர்த் தலமும் அதற்குள்ளேயே இருந்தது.

ஓர் எல்லையின் மேல் இன்னோர் எல்லையை வைத்து, எது எதன்மேல் படிகிறது என்று பார்ப்பது ஜி.ஐ.எஸ். படிப்பில் முதல் செமஸ்டர் பயிற்சி. அன்று அந்தப் பயிற்சியை ஊர்மக்களே செய்தார்கள். எங்கள் கோயில் எந்தப் பக்கம், எங்கள் கண்மாய் எந்தப் பக்கம் என்று போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். சட்டமன்றம் டிசம்பர் 9-ல் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரை நோக்கி மக்கள் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அரிட்டாபட்டியில் மோதியவை இரண்டுமே கோடு போட்ட எல்லைகள். பல்லுயிர்த் தலம் என்று ஒரு கோடு ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான், சுரங்கக் கோடு அதன்மேல் விழுந்ததை ஹெக்டேர் கணக்கில் காட்ட முடிந்தது. சமவெளிக் கண்மாய்களுக்கு அந்த வசதி பாதிதான் இருக்கிறது. கண்மாய்க்கு சர்வே எண் உண்டு. கிராமக் கணக்கில் பரப்பும் இருக்கும். அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புப் பரப்புக்கு எண் கிடையாது. அது நூறு பேரின் புஞ்சைகளாகவும் புறம்போக்காகவும் பாறையாகவும் சிதறிக் கிடக்கிறது. அங்கே ஒரு மனைப்பிரிவோ சாலையோ வரும்போது, 'கண்மாய் ஆக்கிரமிப்பு' என்று யாரும் சொல்ல முடியாது. கண்மாயில் கை வைக்கவே இல்லையே! வரவு மட்டும் நின்றுபோகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டத்தில் வரவு நின்ற கண்மாய், நாலைந்து வருடத்தில் கருவேலங்காடு ஆகிவிடும்.

அந்த எண் இல்லாத பரப்புக்கு ஒரு கோடு வரைந்து கொடுப்பதுதான், இந்தப் படிப்பு இந்த ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். கலுங்கைச் சரியான இடத்தில் வைத்து, கரையின் உயரத்தைத் தரவில் சேர்த்து, வரத்துக்கால்களை நடந்து பார்த்துக் குறித்து, பிறகு கணக்கை ஓட்டினால், எந்த வயலில் விழும் மழை எந்தக் கண்மாய்க்குச் சேரும் என்ற எல்லை கிடைக்கும். பள்ளத்தை நிரப்பும் பட்டனை எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது என்பதும் அப்போதுதான் தெரியும்.

பெயருக்கு இடமில்லை

கடைசியாக ஒரு சின்னத் தொல்லை. குறித்து வந்த மடைகளைக் கணினியில் ஏற்றும்போது, ஒவ்வொன்றுக்கும் பெயர் சேர்க்க வேண்டும். ஒரு கண்மாயில் நாலு மடை இருந்தால் நாலுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். பெரிய மடை, சின்ன மடை, கோயில் பெயரில் ஒரு மடை, எப்போதோ வாழ்ந்த ஒருவர் பெயரில் ஒரு மடை. இந்தத் துறையில் இன்னும் பரவலாகப் புழங்கும் 'ஷேப்ஃபைல்' என்ற பழைய கோப்பு வடிவத்தில், பட்டியலின் தலைப்புக்குப் பத்து எழுத்து இடம்தான். அதுவும் ஆங்கில எழுத்துக்குப் பத்து. யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று ஆங்கில எழுத்து இடத்தைப் பிடிக்கும். கொம்பும் புள்ளியும் தனிக்கணக்கு. 'கலுங்கு' என்று தலைப்பு வைக்கவே 21 இடம் வேண்டும். இருப்பது பத்து.

அதனால் பல மாணவர்கள் எம்1, எம்2, எம்3 என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எம்2 எந்த மடை என்று அவர்களுக்கே தெரியாது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் இந்தத் தடை இல்லை. தமிழில் முழுப்பெயரையும் எழுதலாம், க்யூ.ஜி.ஐ.எஸ். அதைத் தயங்காமல் ஏற்கிறது. சேமிக்கும்போது வடிவத்தை மாற்றித் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பெயர்களைக் கேட்டு எழுத ஒரு முழு நாள் ஆகும். மழைக்காலம் முடிகிற டிசம்பர் கடைசி அதற்கு நல்ல சமயம்: கண்மாயில் தண்ணீர் நிற்கும், மடை திறந்திருக்கும், தண்ணீர் பாய்ச்சுகிறவர் கரையில் இருப்பார்.